நீலம் திரும்பிய பின்னறை

திருப்பதியில் என் மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒரு மாணவி மயில்துத்தத்தைச் சூடாக்கினாள். நீலம் வெளுத்ததும், சின்ன வயதில் இருந்த பலமனேர் வீட்டின் பின்னறைக்கு மனதால் போய்விட்டேன்.

பேசிவைத்த கல்யாணம் வேண்டாம் என்றதற்காக, பத்தாவது முடித்து இன்டர் படித்துக்கொண்டிருந்த அக்காவை நைனா அங்கே பூட்டிவைத்தார். தக்காளிச் செடிக்கு வாங்கிய மருந்தின் நெடி மூச்சை அடைக்கும். அவள் கேட்டாள் என்று ஜன்னல் கம்பி வழியே மெழுகுவத்தி கொடுத்தேன்.

செடிக்கு அடிக்க அங்கே வைத்திருந்த மயில்துத்தத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினாள். அது வெள்ளைப் பொடியானது. ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். நீலம் திரும்பியது, கரண்டியும் சுட்டது.

“வாங்கின சூட்ட திருப்பித் தருதுடி.”

“எல்லாமே இப்படித் திரும்புமாக்கா?”

“இல்ல. மெழுகுவத்தி எரிஞ்சா எரிஞ்சதுதான். இந்தக் கல்யாணமும் அப்படித்தான்.”

சோற்றுத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்ற அம்மா, இதைக் கேட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தாள்.

“சித்தூர்ல பெரியம்மா வீட்டுக்குப் போயிடு.”

பஸ் ஸ்டாண்டு வரை நான் துணைக்குப் போனேன்.

சாயங்காலம் நைனா அம்மாவை அதே அறையில் தள்ளிப் பூட்டினார். அழுதுகினே ஜன்னலண்டை போனேன்.

“அவ பஸ் ஏறினத நீ பாத்தியா?” என்றாள் அம்மா.

“பாத்தேம்மா.”

“அப்ப போய்ச் சோறு துன்னு.”

“போலாமா மா?” என்று கண்காட்சியில் மகள் என் கையை இழுத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அந்தப் பின்னறையிலிருந்தே தப்புவதுபோல வேகமாக வெளியே வந்தேன்.