ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக டைப் அடித்த அண்ணன்

பெரியப்பா மகனை நான் அண்ணன் என்பேன். கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் இரண்டை அவன் வாங்கினான். ஒன்றைக் கும்மிடிப்பூண்டியிலேயே தன் வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதைத் திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆடி மாதம். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நசுங்கி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்ததாகப் பெருமையடித்தான்.

அப்பாவும் பெரியப்பாவும் அப்போது பேசிக்கொள்வதில்லை. வீட்டைப் பிரித்ததில் ஏதோ மனஸ்தாபம். பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சண்டையிலிருந்து விலக்கு இருந்தது.

இன்டர்நெட் எல்லாம் கிடையாது. கம்ப்யூட்டரை போன் லைனோடு இணைக்கும் என் மோடம் அவன் வீட்டு போனுக்கு டயல் செய்யும். அவன் மோடம் எடுக்கும். இரண்டும் கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தி அடங்கும். பிறகு அவன் அடிப்பது ஒவ்வொரு எழுத்தாக என் திரையில் வந்து விழும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அண்ணன் படு மெதுவாக அடித்தான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அன்றைக்குப் பார்த்து அப்பாவும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"உங்கப்பனுக்கு முட்டி வலி எப்டி கீது?" என்று திரையில் வந்தது. அண்ணன் தன் சித்தப்பாவை இப்படியா கேட்பது என்று எனக்குக் கோபம். அப்பாவோ கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்லன்னு அடி. அவங்கப்பா சிகரெட்ட வுட்டுட்டாரான்னு கேளு" என்றார்.

வெகுநேரம் கழித்து, "வுட்டாச்சு" என்று பதில் வந்தது.

"பொய்யி" என்று அப்பா சிரித்தார்.

கார்த்திகையில் அண்ணன் வந்தபோது, ஏன் அப்படி ஆமை மாதிரி அடிக்கிறாய் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெயமையா? நான் கிரவுண்டுல கிரிக்கெட் ஆடிக்கினு இருப்பேன். எங்கப்பாதான் குந்திக்கினு அடிக்கிறாரு" என்றான்.

அந்தத் தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. நேரில் வந்து தாம்பூலம் வைத்துக் கூப்பிடாத கல்யாணத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் போவது எங்களில் வழக்கமில்லை. அப்பா கவரைப் பிரிக்காமலே டிவி மேல் வைத்தார். அக்கா கல்யாணத்தைப் பார்க்கவே முடியாதே என்று எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த ஞாயிறு திரையில் "கல்யாணத்துக்கு" என்று வந்து நின்றது. அப்பா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மிச்சமும் வந்தது: "உங்கப்பன வரச் சொல்லு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பா, இது அண்ணன் இல்ல, பெரியப்பா. நான் கட் பண்றேன், நீ போன்லயே பேசுப்பா" என்றேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும். பேசுனா சண்ட வரும். வரேன்னு அடி."

அடித்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. லைனும் அறுந்துபோகவில்லை, கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று பெரியப்பா தேடுகிறார் போலிருக்கிறது, பாவம், என்று நான் நினைத்துக்கொண்டேன்.