வாசிப்பவள் வராத வகுப்பு

பி.எட். இரண்டாம் வருடத்தில் எங்களைப் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கோவில்பட்டிக்குள்ளேயே கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். எனக்கு வந்தது கடம்பூர்ப் பக்கம் ஒரு கரிசல்காட்டு கிராமத்து நடுநிலைப்பள்ளி. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நான் போகும் பஸ் ஊருக்குள் நுழையும்போது எதிரே மஞ்சள் வேன்கள் வெளியே வரும். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிற வேன்கள். சின்ன வயதில் நானும் அப்படியொரு வேனின் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவள்தான். வேனில் ஏறாத பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஏழாம் வகுப்பு அறிவியல் எனக்கு. வகுப்பாசிரியை என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக ஸ்கூட்டி ஓட்டுவார். ஏழையும் எட்டையும் சேர்த்துப் பார்ப்பவர் அவர்தான். சாக்பீஸைவிட செல்போன்தான் அவர் கையில் அதிக நேரம் இருக்கும். வருகைப்பதிவு ஆப்பில் போட வேண்டும், சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை ஆப்பில் போட வேண்டும், இலவசச் செருப்பின் அளவைக்கூட ஆப்பில்தான் போட வேண்டும்.

“நெட் கிடைக்கணும்னு வேப்பமரத்தடியில போய் நிக்கேன்மா. நான் யாருகிட்டயோ கதை பேசுதேன்னு ஊருக்குள்ள நினைச்சுக்கிடுதாவ” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் போன முதல் வாரம் பெருமையாக இருந்தது. தெர்மாகோலில் செய்த மாதிரிகள், வண்ண சார்ட்டுகள், ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். புத்தகத்தைத் திறந்து “வாசிங்க” என்றால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் வாசிக்கும். ‘வெப்பநிலைமானி’ போன்ற சொல்லெல்லாம் தடங்கலில்லாமல் வரும். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய பதிவேட்டில், மாணவர்கள் சரளமாக வாசிக்கிறார்கள் என்று எழுதினேன்.

ஆவணி பிறந்து சில நாட்களில், இரண்டாம் பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெண் வரவில்லை. ஒல்லியான பெண், இரட்டைச் சடை, எப்போதும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருப்பாள். அன்றைக்கும் வழக்கம்போல “வாசிங்க” என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. யாரோ ஒருத்தி தொடங்கினாள், இரண்டு சொல்லில் நின்றுவிட்டது. கடைசி பெஞ்சில் இருந்த பெரிய பையனை எழுப்பினேன். ஏழாம் வகுப்புக்கு அவன் உயரம் கொஞ்சம் அதிகம். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தான்.

“கண்ணு வலிக்கு டீச்சர்.”

பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். “இத நேத்தே வாசிச்சிட்டோம்லா டீச்சர்” என்றான்.

ஒவ்வொருவராக எழுப்பினேன். நாலைந்து பேர் எழுத்துக்கூட்டி வந்தார்கள். மற்றவர்கள் தரையையோ ஜன்னலையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் முன் பெஞ்சுப் பெண் ஒருத்திதான், என்மேல் இரக்கப்பட்டதுபோல, விஷயத்தைச் சொன்னாள்.

“அவ முன்னால சொல்லுவா டீச்சர். நாங்க கூடயே சொல்லுவோம். இன்னைக்கு அவ இல்லைல்லா.”

இரண்டாம் பெஞ்சுக்காரி மெல்லிய குரலில் அரை நொடி முன்னால் போவாள், முப்பது பேரும் அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். இத்தனை நாள் நான் கேட்டது ஒரே ஒரு பிள்ளையின் வாசிப்பு.

மதியம் வகுப்பாசிரியையிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் இல்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் பேசினார்.

“இதுங்க எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயசுல ஊரடங்குன்னு பள்ளிக்கூடம் மூடிக் கிடந்துச்சு. திறந்தப்போ மேல் வகுப்புக்கு வந்திருந்துச்சுங்க. மேல் வகுப்புப் பாடத்த நடத்தவா, அ ஆவுல இருந்து தொடங்கவா? ரெண்டையும் செய்யணும்னு ஆசைதான். ஆள் நான் ஒருத்தி.”

அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எங்கள் கல்லூரிப் பாடத்தில் கற்பித்தல் முறைகள் எத்தனையோ இருந்தன. வாசிக்கத் தெரியாத ஏழாம் வகுப்புக்கு என்ன செய்வது என்று அதில் ஒரு பக்கமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது சீக்கிரமே போய்விட்டது.

அடுத்தடுத்த நாட்களும் அந்தப் பெண் வரவில்லை. அவள் அப்பாவுக்குச் செம்மறி ஆடுகள் உண்டு. விதைப்புக்கு முன்னால் நிலத்துக்கு உரமாகட்டும் என்று நிலம் வைத்திருக்கும் காட்டுக்காரர்கள் ஆட்டுக்கிடை போடச் சொல்வார்கள். ஆடுகளை ராத்திரி அந்தக் காட்டிலேயே அடைத்து வைத்து, சில நாள் கழித்து அடுத்த ஊர்க் காட்டுக்கு நகர்வார்கள். மகளும் கூடப் போயிருக்கிறாள். அப்பாவுக்குப் போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

“ஏறும்மா, இப்போ பக்கத்து ஊர்க் காட்டுலதான் கிடையாம். போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று ஒரு சாயங்காலம் வகுப்பாசிரியை ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

தார் ரோடு முடிந்து வண்டிப்பாதையில் இறங்கிய நேரம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. பெரிய மழை இல்லை, கரிசலுக்கு அது போதும். கொஞ்ச தூரத்தில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்து வண்டி நின்றுவிட்டது. இறங்கிய எங்கள் செருப்பில் ஆளுக்கொரு கிலோ மண். இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளினோம், அது அசையவில்லை. அப்போதுதான் தூரத்தில் ஆடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு உருவம் ஓடி வந்தது. சட்டைக் கை சுருட்டியிருந்தது.

“டீச்சர், இந்தப் பாதையில யாராவது வண்டிய விடுவாங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு குச்சியால் களியைத் தோண்ட ஆரம்பித்துவிட்டாள். ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று நாங்கள் கேட்க வேண்டிய இடத்தில் அவள் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா பின்னால் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க டீச்சர். ஏட்டி, கை கழுவத் தண்ணி கொண்டா.” பிறகு எங்களைப் பார்த்து, “நீங்க எதுக்கு வந்திருக்கியன்னு தெரியுது. அவ அம்மைக்கு ஆபரேசன் பண்ணியிருக்கு. குனிஞ்சு நிமிரக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ. எப்பவும் எங்கூட வந்து சோறு பொங்குதது அவதான். இப்போ இவ பொங்குதா” என்றார்.

“படிக்கிற பிள்ளையாச்சே அண்ணாச்சி” என்றார் வகுப்பாசிரியை.

“நான் படிக்க வேண்டாம்னா சொல்லுதேன்? பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தப்போ இவ எங்கூடத்தான் ஆட்டுக்குப் பின்னால வந்தா. பொழுது போகணும்லா, டீக்கடையில இருந்து பழைய பேப்பர் வாங்கிட்டு வந்து வாசிக்கச் சொல்லுவேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். தப்பா வாசிச்சா தெரியும்.”

அவள் மட்டும் எப்படி வாசிக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த வருடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. பெற்றவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் போக வேண்டியிருந்தது.

கிடைக்குப் பக்கத்தில் மூட்டியிருந்த அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வகுப்பாசிரியை சுற்றிலும் பார்த்தார். நடந்து போகிற தூரத்தில் அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

“காலையில சோறு பொங்கி வச்சிட்டு அங்கன போய் இருக்கட்டும். மத்தியானம் அங்கயே சாப்பாடு. கிடை நகந்தா அந்த ஊர்ப் பள்ளிக்கூடம். அங்க உள்ள டீச்சர்மாருகிட்ட நான் பேசுதேன்” என்றார்.

அப்பா மகளைப் பார்த்தார். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, “எனக்குச் சரிதான்” என்றாள்.

திரும்பி வரும்போது வகுப்பாசிரியைக்கு வேறு கவலை வந்துவிட்டது. “ஆப்புல என்ன போட? வராத பிள்ளைய வந்துச்சுன்னு போட முடியாது. படிக்கிற பிள்ளைய வரலன்னு போட மனசு கேக்கல.” கடைசியில் வரவில்லை என்றுதான் போட்டார். அதற்காக மேலேயிருந்து போன் வரும்போதெல்லாம் கிடைக் கதையை முதலிலிருந்து சொன்னார். போகப் போகக் கதை சொல்வதில் அவருக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

இங்கே வகுப்பில் நான் சார்ட்டுகளைச் சுருட்டி பீரோ மேல் வைத்தேன். நடத்த வேண்டிய பாடம் அப்படியே இருந்தாலும் தினமும் பாதி நேரத்தை வாசிப்புக்குக் கொடுத்தேன். முதலில் முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அசட்டுத்தனம் செய்தேன். அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. மீசை அரும்புகிற அந்தக் கடைசி பெஞ்சுப் பையனிடம் அணிலும் ஆடும் படம் போட்ட பக்கத்தைக் காட்டினால் அவன் என்ன செய்வான்? ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்து போனவன் மணி அடிக்கும்வரை வரவில்லை.

வழியைக் காட்டியதும் அவன்தான். ஒருநாள் காலியான மக்காச்சோள விதைப் பை ஒன்றை மடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு எங்கய்யா கேட்டாவ டீச்சர். எனக்குத் தெரியும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அவனோடு தரையில் உட்கார்ந்தேன். இன்னும் சிலர் வந்து குனிந்தார்கள். ‘முளைப்புத்திறன்’ என்ற ஒரு சொல்லுக்கு அன்றைய பாதி வகுப்பு போனது. மு, ளை, ப் என்று அவன் ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் முழுதாகச் சொன்னபோது அவனுக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் சொன்னான். மறுநாளிலிருந்து ஆளுக்கொன்று வந்தது. மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, மிக்சர் பாக்கெட், கடம்பூர் போளி கட்டிய பெட்டி. அந்தப் பெட்டி காலியாக வந்ததில் வகுப்புக்கே வருத்தம்.

அந்த நேரத்தில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். ஒருத்தன் ஒரு வரியை முடிப்பதற்குள் மின்விசிறியின் சத்தம் பெரிதாகக் கேட்கும். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடித்தபோது நான் பாடத்தின் பாதியில்கூட இல்லை.

“வகுப்பு நல்ல கட்டுப்பாடா இருக்கு. ஆனா பாடம் முடியலையேம்மா” என்றார். அவர் சொன்னது சரிதான். மதிப்பெண்ணும் அதற்குத் தகுந்தபடிதான் வந்தது. சங்கடமாக இருந்தது. ஆனாலும் பதிவேட்டுக்காக மறுபடி எல்லோரையும் ஒரே குரலில் வாசிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்து எல்லாரும் விதைக்கத் தொடங்கியதும் கிடை ஊர் திரும்பியது. அவளும் வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். போன பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு அதிகாரி மாதிரி அறிக்கை கொடுத்தாள்.

“ஒரு ஊர்ல ஸ்மார்ட் போர்டு இருக்கு டீச்சர், தூசி படாம துணி போட்டு மூடி வச்சிருக்காவ. இன்னொரு ஊர்ல எங்க வகுப்புல என்னையும் சேத்து மூணே பேருதான். கேள்வி கேட்டா தப்பிக்கவே முடியாது. ஆனா சாம்பார் நல்லா இருக்கும்.”

அன்றைக்கு வாசிக்கும்போது பழக்கத்தில் அவள் உதடு அசைந்தது. எழுந்து நின்ற பெரிய பையன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ஏட்டி, நீ சும்மா இரு. நான் பாத்துக்கிடுதேன்” என்றான். அவள் முகம் ஒரு நிமிடம் விழுந்துவிட்டது. அவளுக்கு அந்த வகுப்பில் இருந்த வேலை போய்விட்டதே. பிறகு அவளே அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, தப்பாக வாசித்தால் முழங்கையால் இடித்தாள்.

எல்லோரும் வாசித்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். என் பயிற்சிக் காலம் முடிந்தபோதும் சிலர் எழுத்துக்கூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு பேர் அதுவும் இல்லை. அவர்கள் முகம் அவ்வப்போது ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளிக் கல்வியைப் பற்றி டிவியில் பெரிய பெரிய விவாதங்கள் நடக்கும்போது நான் அந்த இரண்டு பேரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார ஒரு ஆளும், அந்த ஆளுக்குக் கொஞ்சம் நேரமும்.

இப்போது கோவில்பட்டியில் தகுதித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வகுப்பாசிரியை போன் செய்தார்.

“நீ வாசிக்க வச்ச போட்டோ ஏதாவது இருக்காம்மா? அப்லோடு பண்ணச் சொல்லுதாங்க.”

ஒன்றுகூட எடுக்கவில்லை என்றேன்.

“நானும் எடுக்கல” என்று சிரித்தார். “சரி விடு. இந்த வருசம் ஆறாம் வகுப்பும் என் தலையிலதான். அங்கனயும் பாதிப் பேருக்கு வாய் மட்டும்தான் அசையுது. மழைக்கு முன்னால ஒரு நாள் வந்து எட்டிப் பாரேன்.”

சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். வாரேன் என்று சொல்லியிருக்கிறேன்.