அளவுக்குக் கொடுத்த போட்டோ

நான் ஜாக்கெட் தைக்கிறவள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் சிலர் அளவு ஜாக்கெட் கொண்டு வருவார்கள், சிலர் வெறுங்கையோடு வருவார்கள். வெறுங்கையோடு வந்தால் டேப்பை எடுத்து, ஆளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தோள் இறங்கியிருக்கிறது, இந்தக் கை கொஞ்சம் பருமன் என்று உடம்புக்குத் தகுந்தபடி தைப்பேன். அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டால் உடம்பைப் பார்க்கவே மாட்டேன். கல்யாணத்துக்குத் தைத்ததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "புடிக்குதுக்கா, மூச்சு வுட முடியல" என்று அப்புறம் வந்து நிற்பார்கள். "நீ குடுத்த அளவுதானே?" என்று எத்தனையோ பேரை முகத்தில் அடித்த மாதிரி கேட்டிருக்கிறேன். என்னையும் ஒருநாள் அப்படிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

எங்கள் வீடு டவுனுக்குள், பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் இருந்தது. என் வீட்டுக்காரர் பிறந்த வீடு. ஒரு மழைக்காலத்தில் கூடத்தில் ஒழுகுகிறது என்று மேலே ஏறிப் பார்த்தார். வேண்டாங்க, கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றேன். "என் வூட்டு மேல ஏற எனக்குக் கொத்தனாரா?" என்றார். உத்திரம் உள்ளுக்குள் செல்லரித்துக் கிடந்திருக்கிறது. தளத்தோடு இவரும் கூடத்துக்குள் வந்து விழுந்தார். உயிர் தப்பியது அல்லாவின் கிருபை. இடுப்புக்குக் கீழே போனது போனதுதான். மிச்சம் நின்ற சுவர்களும் ஆபத்து என்று இடிக்கச் சொன்னார்கள், இடித்தோம். சுவரில் மாட்டியிருந்த எங்கள் நிக்காஹ் போட்டோவின் கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வாடகைக்கு வீடு தேடினோம். தரைத்தளத்தில் வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு இடத்தில் பெயரைக் கேட்டதும் "சொந்தக்காரங்க வராங்க" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் மூலக்குளத்தில் எங்கள் தூரத்து உறவுக்காரர் மாடியைக் கொடுத்தார். பதினெட்டுப் படி. டாக்டரிடம் போகிற நாளில் ஆட்டோக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். அப்போது இவர் கண்ணை மூடிக்கொள்வார். வேறு எதற்கும் கீழே வர மாட்டார். ஜும்மாவுக்காவது போங்களேன், ஆளைக் கூப்பிடுகிறேன் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு நா இன்னும் மவுத்தாவல."

அந்த மாடியில் இரண்டு வருடம் போல இருந்தோம். அதில் இவரை உயிரோடு வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். புது வீடு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டே இருப்பார். தெருவும் வீட்டுத் தரையும் ஒரே மட்டம். நாற்காலி தாராளமாகப் போகிற கதவு. கதவைத் தாண்டினால் வலது கைப்பக்கம் கரண்டுக் கம்பம், அப்புறம் டீக்கடை, அதைத் திரும்பினால் பள்ளிவாசல். "யார் கையும் படாம நானே உருட்டிட்டுப் போவேன். டீயக் குடிச்சிட்டு நானே வருவேன்" என்பார். இது தெரிந்து பள்ளிவாசலில் ஜமாஅத்துக்காரர்கள் இவருக்காகவே வாசலில் ஒரு சரிவு போட்டு வைத்தார்கள். அதைக் கேட்ட அன்று இவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பிளான் போட்டது குருசுக்குப்பத்து என்ஜினியர் தம்பி. இவர் காலண்டர் தாளில் வரைந்ததைத்தான் அவர் கம்ப்யூட்டரில் வரைந்தார். எங்கள் தெரு பாரம்பரியத் தெரு என்பதால் மற்ற ஊர் மாதிரி நினைத்ததைக் கட்டிவிட முடியாது. ஒரு கமிட்டி பார்த்து, தெருவோடு ஒத்துப்போகிறது என்று சொன்னால்தான் பர்மிஷன். "நம்ம வூடு பாரம்பரிய லிஸ்ட்ல இல்லக்கா, இப்ப காலி மனை. முகப்பு மட்டும் பழைய மாதிரி காட்டுனா போதும், வந்துடும்" என்றார் தம்பி.

ஒருநாள் கமிட்டியிலிருந்து மனையைப் பார்க்க வருகிறார்கள் என்று போன் வந்தது. தம்பிக்கு அன்று வேறு வேலை. நான் மட்டும் மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து சாவியோடு நின்றேன். வந்தது ஒரு சின்னப் பெண். ஆர்க்கிடெக்ட் படித்தவள். கட்டிக்கொடுத்த என் மகள் வயதுகூட இருக்காது. டேப்பைப் பிடிக்க ஆள் இல்லாமல் திணறினாள், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. டேப் பிடிக்கிற பெண் பிள்ளையை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

"சார் வரலயா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

அவருக்கு முடியாதும்மா என்றேன். பர்மிஷன் மனுவில் எழுதியிருக்கிறதுதான். ஆனாலும் அந்த வெறும் மனையில் நின்றுகொண்டு, இதே இடத்தில் விழுந்தார் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"இந்த வீடு முன்னாடி எப்படி இருந்துச்சு? பழைய போட்டோ எதாவது இருக்குமா?"

இருக்கே! வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அடுத்த நாளே, வீடு இடிந்ததிலிருந்து பெட்டியிலேயே கிடந்ததை எடுத்து, கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிரித்து, கவரில் போட்டு, அவள் ஆபீசுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இவரிடம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அந்த போட்டோவை இப்போது கண்ணை மூடினாலும் சொல்லுவேன். நிக்காஹ் முடிந்து எடுத்தது. எங்கள் வீட்டு முகப்பு முழுசாகத் தெரியும். மேலே சுண்ணாம்பில் பூவேலை. வளைவு வைத்த ஒரு ஜன்னல். இரண்டு பலகைக் கதவு. கதவுக்குக் கீழே ஐந்து படி. மேல்படியில் மாப்பிள்ளை, கழுத்து நிறைய மாலை, தலையில் பூச்சரம் தொங்கும் சேரா, காலில் புதுச் செருப்பு. நான் படத்தில் இல்லை. நான் உள்ளே இருந்தேன்.

கமிட்டி கூடிய அன்று நானும் தம்பியோடு போயிருந்தேன். நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் போட்டார்கள். யா அல்லா! என் நிக்காஹ் போட்டோ, சுவர் அகலத்துக்கு. இவர் என்னைவிட உயரமாக நின்றார். "அந்தப் பூ வேலையப் பாருங்க" என்றார் ஒருவர். "அபாரம். இந்தத் தெருவுக்கே இவ்வளவு தெளிவா ஒரு ஆதாரம் இதுவரைக்கும் கிடைச்சதில்ல" என்றார் இன்னொருவர். ஒரு சிவப்புப் புள்ளி சுவரில் ஊர்ந்து வந்தது. பூவேலையில் நின்றது, ஜன்னலில் நின்றது, அப்புறம் இவருடைய செருப்பு வழியாக ஒவ்வொரு படியாக இறங்கியது. ஒன்று, இரண்டு என்று அவர்கள் எண்ணினார்கள். ஐந்து.

என்ஜினியர் தம்பி எழுந்து எடுத்துச் சொன்னார். தெரு மட்டத்தில் கதவு வேண்டும், வீட்டுக்காரர் சக்கர நாற்காலி. சாய்வாக ஏறலாமே என்று கேட்டார்கள். படிக்கு இடம் நாலடிதான் இருக்கிறது, நாலடியில் சரிவு போட்டால் அது சறுக்குமரம் என்றார் தம்பி. தெருவில் நீட்டலாமா? கூடாது, சாக்கடை மூடி இருக்கிறது. ஜன்னல் இருக்கிற இடத்தில் தெரு மட்டத்துக்கு இன்னொரு கதவு? போட்டோவில் அங்கே ஜன்னல் இருக்கிறது. பக்கத்து வீடுகளெல்லாம் ஒட்டுச் சுவர், பின்னால் சந்து கிடையாது. தம்பி கேட்கக் கேட்க எனக்கு ஒவ்வொரு பக்கமாக அடைத்துக்கொண்டே வந்தது. பொறுக்க முடியாமல் நானே எழுந்தேன். "ஐயா, அவரால நடக்க முடியாதுங்க. வெளிய போறதுக்குன்னுதான் இந்த வூடே கட்டுறோம்" என்றேன்.

தலைமையில் இருந்த பெரியவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. பழைய வீடு எப்படி இருந்துச்சுன்னு தெரியாம இருந்தா, நாங்களே ஒரு வழி பண்ணிருப்போம். இவ்ளோ தெளிவா இருக்கும்போது மாத்திக் கட்ட விட்டா, நாளைக்கு தெருவுல எல்லாரும் கேப்பாங்க. முகப்பு, தரை உயரம், படி, இதெல்லாம் போட்டோபடி இருந்தாதான் கையெழுத்து" என்றார். அந்தச் சின்னப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

படியிறங்கி வெளியே வந்ததும் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்னாக்கா இது! ஏங்க்கா குடுத்தீங்க? போட்டோ இல்லன்னா ரோட்டு மட்டத்துல நான் வாங்கிருப்பேனே."

"தம்பி, உங்க கால்ல வேணா வுழறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

இவரிடம் என்ன சொல்வது? பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்து ஒரு பொய்யைத் தைத்துக்கொண்டு போனேன். அவங்ககிட்டயே ஏதோ பழைய போட்டோ இருந்ததாம், பிரெஞ்சுக்காரன் காலத்தில் தெருத்தெருவாகப் படம் எடுத்து வைத்தானாம், அதில் நம் வீடும் இருக்கிறதாம், அஞ்சு படி வைத்தே ஆகணுமாம் என்றேன். காலண்டர் தாளை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அப்புறம் சிரித்தார். "ஊர வுட்டுப் போயும் என்ன வுடமாட்டேங்கிறான் பாரு அந்தப் பய!" என்றார். அன்றிலிருந்து அந்தப் பிரெஞ்சுக்காரனைத் திட்டுவது அவருக்கு வாடிக்கை ஆகிவிட்டது. முகம் தெரியாத அந்த ஆளுக்கு மீசை வைத்து, தொப்பி வைத்து, "இந்நேரம் எவன் வூட்டு வாசல்ல கேமராவோட நிக்கிறானோ" என்பார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். வெங்காயம் நல்லதாகப் போயிற்று.

வேறு இடத்தில் கட்டுங்களேன் என்று சுலபமாகச் சொன்னார்கள். எங்களுக்கு வேறு இடம் ஏது? அவருக்குத்தான் வேறு தெரு ஏது? ஐந்து படியோடு கட்டினோம். குடிவந்த அன்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பலகையைச் சாய்த்து இறக்கிப் பார்ப்போம் என்று ஒருநாள் முயன்றோம். பாதியில் சக்கரம் வழுக்கி, தெருவே ஓடிவந்து பிடித்தது. அதோடு சரி. பலகை கட்டிலுக்கு அடியில் போயிற்று.

வீடு அழகு. அதை நான் மறைக்க மாட்டேன். அழகாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல். வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுக்கிறவர்கள் காலையிலேயே வந்து எங்கள் படியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். இவருக்குப் பகல் பூராவும் அந்த ஜன்னல்தான். அதிலிருந்து பார்த்தால் கரண்டுக் கம்பம் தெரியும், டீக்கடையின் ஒரு ஓரம் தெரியும். பள்ளிவாசல் தெரியாது. ஒருநாள் ஒரு போட்டோகிராபர், "சார், கொஞ்சம் உள்ள தள்ளிக்கிறீங்களா? ஃப்ரேம்ல வரீங்க" என்றான். இவரும் பேசாமல் நாற்காலியைப் பின்னால் உருட்டினார். கத்திரிக்கோலும் கையுமாக நான் வெளியே வந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. அந்த மணப்பெண் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இவருக்கு என்மேல் கோபம். "சின்னஞ்சிறுசுங்கள எதுக்குத் தொரத்துற?" என்றார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஆர்க்கிடெக்ட் பெண் வந்தாள். முகப்பைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்து வாங்கிப்போக வந்திருந்தாள். உள்ளே வந்து, இவரைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். அப்புறம் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, என்னிடம் தராமல் இவரிடம் நீட்டினாள்.

"ஆன்ட்டி குடுத்த போட்டோ சார். ஒரிஜினல். பத்திரமா வச்சிருந்தேன்."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வரேன் ஆன்ட்டி என்று கிளம்பிவிட்டாள். அவள் செருப்பு ஐந்து படியும் இறங்குவது உள்ளே கேட்டது.

இவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பிரெஞ்சுக்காரன் நீதானா?"

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. ஏன் குடுத்த?"

வீட்டுப் பெருமையில் கொடுத்துவிட்டேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வீட்டு முகப்பு தெரிகிற போட்டோ இன்னும் இரண்டு என்னிடம் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகிறபோது எடுத்தவை. அவற்றில் பாதிக் கதவுதான் தெரியும், படியே தெரியாது. சார் வரலயா என்று அந்தப் பெண் கேட்டாளே, அதற்கு எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"நீங்க நிக்கிறத அந்தப் பொண்ணு பாக்கட்டும்னு குடுத்தேங்க" என்றேன்.

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் அதை என்னிடம் நீட்டினார். "எனக்கு எதிர்ல மட்டும் மாட்டாத" என்றார். வாங்கிப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். நான் திரும்பி வரும்போது பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் தானாக நாற்காலியை உருட்டிக்கொண்டு கூடத்தைத் தாண்டிப் போனார். கதவின் இரண்டு பலகையையும் அகலத் திறந்தார். வாசல் வரைக்கும் போய் நின்றார். அதற்கு அப்புறம் ஐந்து படி.