'ரெக்டிலீனியர்' என்றால் ஒரே கோடு இல்லை

இன்று காலை வேங்கிக்காலில் எங்கள் மனையை அளக்க சர்வேயர் வந்தார்.

பழைய ஆங்கிலப் பத்திரத்தில் எங்கள் எல்லை 'ரெக்டிலீனியர்' என்று இருக்கிறது. பக்கத்து மனைக்காரர் அதைக் காட்டினார்.

"நேர்கோடுனு அர்த்தம் சார். இந்த ரெண்டு எல்லைக்கல்லுக்கும் நடுவுல நேரா கயிறு கட்டுங்க."

அப்படிக் கட்டினால் எங்கள் போர்வெல் அவர் பக்கம் போய்விடும்.

"போர்வெல்லுக்கு அந்தாண்ட இன்னொரு கல் புதைஞ்சிருக்கு. தோண்டிப் பாருங்க சார்" என்றேன்.

"நேர்கோட்டுல மூலை ஏதும்மா? படிச்சவன் சொல்றேன், விடு" என்றார் அவர்.

"விட்டுடேன்" என்று என் வீட்டுக்காரரும் முணுமுணுத்தார்.

நான் விடவில்லை. கைபேசியில் அகராதியைத் திறந்து சத்தமாகப் படித்தேன். நேர்கோடுகளால் ஆனது என்றுதான் அர்த்தம்.

"கோடு வளையக் கூடாது, அவ்ளோதாங்க. மூலை திரும்பலாம். சதுரம்கூட ரெக்டிலீனியர்தான்."

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?"

"ஆமாங்க. தோண்டற வரைக்கும் இங்கிருந்து நகர மாட்டேன்."

சர்வேயர் சிரித்துவிட்டார். "அந்தம்மா சொல்றது கரெக்ட்தான். தோண்டுங்கப்பா."

ஓரடி ஆழத்தில் கல் இருந்தது. கயிறு அங்கே திரும்பியது. போர்வெல் எங்கள் பக்கம்.

உங்களையும் யாராவது ஓர் ஆங்கில வார்த்தையைக் காட்டி மிரட்டினார்களா? கமெண்டில் போடுங்கள், சேர்ந்தே அர்த்தம் பார்ப்போம்.