கூடாரத்துக்கு வாசல்படி இல்லை

பதினொரு வயதில் எனக்கு என் மூளையைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வது நான். டொக்டரிடம் நேரம் எடுப்பது நான். லப்டொப்பைத் திறந்து ஒரு விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். ஆகவே, அமெரிக்காவுக்குப் போய் நாங்கள் எந்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது என்று தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. இந்தப் பெரியவர்களிடம் விட்டால் விடிந்த மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவ்வளவு தூரம் போய் ஏன் கூடாரத்தில் தங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு புறநகரில் அம்மாவின் ஒரே தம்பிக்கு நான்கு படுக்கையறை வீடு இருந்தது. முன்னால் புல்வெளி, பின்னால் ஊஞ்சல், எல்லாம் வீடியோவில் பார்த்திருக்கிறேன். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்த எங்களுக்கு அது அரண்மனை. ஆனால் அந்த வீட்டுக்கு அம்மா போக மாட்டார். சபதம்.

சபதம் மாமாவின் கலியாணத்தில் வந்தது. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டை மாப்பிள்ளையின் சகோதரி தூக்கிக்கொண்டு வருவாள். மாமாவுக்கு இருந்தது ஒரே அக்கா. தாயில்லாத வீட்டில் அவருக்குச் சோறு தீத்தி வளர்த்த அக்கா. அந்தத் தட்டைத் தூக்குவதற்கென்றே அம்மா பக்கத்திலிருக்கும் டூட்டிங்கில் ஒரு பச்சைப் பட்டுச்சேலை வாங்கி வைத்திருந்தார். ஆனால் அப்போது எங்களுக்கு இங்கே பத்திரங்கள் சரிவரவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. தை பிறக்கட்டும், அதற்குள் பத்திரங்கள் சரிவரும், அக்கா வராமல் கலியாணம் நடக்காது என்று மாமா சொல்லியிருந்தார். பெண் வீட்டார் ஆவணியில் நாள் வைத்தார்கள். மாமா தலையாட்டிவிட்டார்.

கலியாண வீடியோ தபாலில் வந்தபோது எனக்கு ஆறு வயது. யாரோ ஒரு பெண், மாமாவோடு வேலை செய்தவரின் மனைவியாம், ஊதாச்சேலை உடுத்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி அந்தத் தட்டோடு நடந்து வந்தார். அம்மா ரிமோட்டை எடுத்து வீடியோவை நிறுத்தினார். அன்று பின்னேரமே மாமாவுக்குத் தொலைபேசி போனது.

"நான் இல்லாமல் தாலி கட்டத் தெரிஞ்ச உனக்கு இனி அக்கா எண்டு ஒருத்தி தேவையில்லை. உன்ர வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டன். செத்தாலும் மிதிக்க மாட்டன்."

அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருவரும் பேசவில்லை. சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பின்னேரம் இரண்டு மணி, அவருக்குக் காலை ஒன்பது மணி; அப்போது மாமா வீடியோவில் என்னோடு பேசுவார். அம்மா கமராவுக்கு எட்டாத இடத்தில் நின்று வெங்காயம் உரிப்பார். எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் அநியாயத்துக்கு வெங்காயம் உரிக்கப்பட்டது. பேச்சு முடிந்ததும், "ஏன் அவன்ர முகம் வீங்கிக் கிடக்கு? நித்திரை கொள்ளுறேல்லையாமோ?" என்று என்னைக் கேட்பார். "நீங்களே கேளுங்கோவன்" என்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

எங்களுக்குப் பிரித்தானியப் பாஸ்போட் கிடைத்த வருடம், அப்பா யாரையும் கேட்காமல் மூன்று டிக்கெட் போட்டுவிட்டு வந்தார்.

"இஞ்சரும், பள்ளிக்கூட லீவுக்கு அமெரிக்கா பாக்கப் போறம்."

"அமெரிக்கா பாக்க வாறன். ஆரின்ர வீடும் பாக்க வரேல்லை" என்றார் அம்மா.

ஹோட்டலில் தங்கலாம் என்று அப்பா சொன்னார். அதைக் கேட்டு மாமா பதறிப்போனார். சொந்த அக்கா ஊருக்கு வந்து ஹோட்டலில் தங்கினால் அங்கே இருக்கிற தமிழ்ச் சனம் தன் மூஞ்சியில் காறித் துப்பும் என்றார். இரண்டு சனிக்கிழமைகள் இப்படியே போயின. மூன்றாவது சனிக்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டு, வழக்கத்தை விடச் சத்தமாக, வெங்காயம் உரிக்கிற பக்கத்துக்கும் கேட்கும்படி பேசினார்.

"மருமகள், கொம்மாட்டை ஒரு விசயம் கேள். இஞ்ச கோடையில சனம் கூடாரம் அடிச்சுத் தங்குறது. அதுக்கெண்டே இடங்கள் இருக்கு. நாங்களும் வந்து பக்கத்தில அடிக்கிறம். அது என்ர வீடும் இல்லை, ஆரின்ர வீடும் இல்லை. கூடாரத்துக்கு வாசல்படியும் இல்லை."

நான் திரும்பினேன். அம்மாவின் கத்தி நின்றிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே, "கக்கூஸ் வசதி எப்பிடியாம் எண்டு கேள்" என்றார்.

ஐந்து வருடத்தில் அம்மா தன் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் எழும்பிப் படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் வேலை தொடங்கியது. கொப்பியில் கோடு போட்டு, பள்ளிக்கூட புரொஜெக்ட் மாதிரி மூன்று இடங்களை எழுதினேன். முதலாவது, பெரிய ஏரிக்கரை. தண்ணீரில் மிதக்கும் சறுக்கு, வாடகைக்குத் துடுப்புப் படகு, ஐஸ்கிரீம் கடை எல்லாம் இருந்தன. மாமா வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். இரண்டாவது மலையில். மூன்றாவது, மாமாவின் புறநகரை ஒட்டினாற்போல ஒரு பூங்காவுக்குள்ளே. பைன் மரங்கள், ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் பைப், நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம். அவ்வளவுதான். என் கணக்கில் அதற்குப் பத்துக்கு இரண்டு புள்ளி.

அம்மா கேள்வி கேட்டார். கடவுளே, என்ன மாதிரிக் கேள்விகள்! பாம்பு வருமோ? விறகு அங்கேயே வாங்கலாமோ? குளிக்கிற இடத்தில் கதவுக்குக் கொழுவி இருக்குதோ? மலையில் இருக்கிற இடத்தில் சாப்பாட்டுச் சாமான்களைப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் கரடி வரும் என்று நான் வாசித்துக் காட்டியவுடன், "நாங்கள் என்ன கரடிக்கு அன்னதானம் குடுக்கவே போறம்?" என்று அதை அடித்துவிட்டார். மாமாவும் சளைக்கவில்லை. அம்மா ஒன்று கேட்டால் அவர் மூன்று பதில் சொல்வார். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நடுவில் நான் இருந்து ஒவ்வொன்றையும் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். நேரடியாகப் பேசினால் சபதம் உடைந்துவிடுமோ என்னவோ.

ஒவ்வொரு இடத்துக்கும் அம்மா கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "இது அவன்ர வீட்டிலயிருந்து எவ்வளவு தூரம்?" அதன் காரணம் எனக்குத் தெளிவாக விளங்கியது. கோபம். ஆகவே முதலாவது இடத்துக்கு அம்மாவை உற்சாகப்படுத்தினேன்.

"ஒன்றரை மணித்தியாலம் அம்மா. பயப்படாதேங்கோ, மாமா நினைச்ச நேரம் வர ஏலாது."

அம்மா "ம்" என்றார். மூன்றாவது இடம் பதினைந்து நிமிடம் என்றபோதும் "ம்" என்றார். ஆனால் கதிரையை லப்டொப்புக்குக் கிட்ட ஓரடி இழுத்துப் போட்டார். கமராவுக்கு இன்னும் வெளியேதான். அதை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

வைகாசி முழுக்க இப்படியே போனது. வெங்காயம் உரிப்பதும் நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமை என் வகுப்புச் சிநேகிதிக்குப் பிறந்தநாள் விழா, அதுவும் இரண்டரை மணிக்கு. இந்தக் கரைச்சலுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன். அம்மா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நானே மாமாவை அழைத்தேன்.

"மாமா, அம்மா ஓம் எண்டுட்டா. முதலாவது இடம். புக் பண்ணுங்கோ."

மாமாவின் முகம் கமராவுக்குக் கிட்ட வந்தது. "கொம்மாவே சொன்னவ? அவ்வளவு தூரத்திலையோ?"

"ஓம். அம்மாவுக்குத் தூரம்தான் விருப்பம்."

"சரி மருமகள்" என்றார். சிரிக்கவில்லை. என் கண்ணுக்குள் நின்றது நீர்ச்சறுக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை விழாவுக்குப் போகும் அவசரத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தலை வாரி இழுத்து, பொட்டு வைத்து, லப்டொப்புக்கு முன்னால் இருந்தார். இரண்டு மணி. இரண்டேகால். அழைப்பு வரவில்லை.

"இண்டைக்கு ஏன் இன்னும் மாமா எடுக்கேல்லை?" என்று என்னைக் கேட்டார்.

"ஏன் எடுக்கோணும்? அதெல்லாம் முடிஞ்சுது." நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று காட்டும் விதமாக முழுவதையும் சொன்னேன். கடைசி வசனத்தையும் விடவில்லை.

அம்மா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. முகம் வெளுத்துப்போனது.

"எனக்குத் தூரம்தான் விருப்பம் எண்டு சொன்னியோ? நான் சொன்னன் எண்டு?"

"ஓம்..."

"அவன் என்ன சொன்னவன்?"

"சரி எண்டார்."

"நல்ல வேலை பாத்தாய்" என்றார் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு. அவர் குரலில் பகிடி இல்லை. என்ன பிழை செய்தேன் என்று தெரியாமலே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழுகிறாரோ என்ற பயத்தில் அழுதேன் என்பதுதான் உண்மை. எங்கள் வீட்டில் அம்மா அழுதால் நான் எதையும் தாங்க மாட்டேன்.

"நான் மாமாட்டைச் சொல்லி மாத்துறன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு அழைத்தேன். திரையில் மாமாவின் முகம் வந்தது. சவரம் செய்திருக்கவில்லை. நான் வாயைத் திறக்க முதல் அம்மா லப்டொப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"தம்பி."

மாமா எழும்பி நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வந்த மாதிரி.

"அவள் சின்னப்பிள்ளை, விசர்க்கதை கதைச்சிருக்கிறாள். எனக்கு அந்த ஏரி வேண்டாம். அந்தக் கிட்டின இடம் காணும்."

"ஓம் அக்கா."

"நீ வேலையால வந்து போக லேசு."

"ஓம் அக்கா. நாளைக்கே போய் இடம் பாக்கிறன் அக்கா." வேறு சொற்கள் மறந்துபோன மாதிரி அக்கா அக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். இந்தப் பக்கத்தில் அம்மாவும் உறிஞ்சினார். அப்பா என் கையைப் பிடித்து, "வா, உன்னை விழாவுக்குக் கொண்டுபோய் விடுறன்" என்று கீழே இறக்கிக்கொண்டு போனார். நீர்ச்சறுக்கு பறிபோன துக்கத்தில் நான் கேக் கூட ஒரு துண்டுதான் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சொன்னபடி அந்தப் பூங்காவுக்குப் போய், தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் காட்டினார். அம்மா கோலியர்ஸ் வுட் அடுப்படியில் இருந்துகொண்டு அவரை மேய்த்தார். இன்னும் இடப்பக்கம் போ. அந்த மரத்தடி வேண்டாம், கொப்பு பட்டுப்போயிருக்கு. இது சரிவு, தண்ணி ஓடி வரும். கட்டைக்கு மேல தடக்கி விழாதே. பதினேழாம் நம்பர் இடமும் பதினெட்டாம் நம்பர் இடமும் ஒரே அளவு, வரைபடத்தில் போட்டிருக்கிறது என்று நான் மூன்று தரம் சொன்னேன். என்னை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கடைசியில் பதினேழு என்று முடிவானது. அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

அப்போதுதான் அம்மா கேட்டார்.

"மழை வந்தால் என்ன செய்யிறது?"

மாமா நடையை நிறுத்தினார். திரையில் அவருடைய காலும் சிவப்பு மண்ணும் மட்டும் தெரிந்தன.

"மழை வந்தால்... வீட்டை வரலாம் அக்கா. பதினைஞ்சு நிமிசம்தான்."

அம்மா மேசையில் இருந்த ஒரு பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தார்.

"மழை வந்தால் பாப்பம்" என்றார்.

எனக்கு மூளை வேலை செய்தது. லப்டொப்பின் மறு ஜன்னலில் தேடிப் பார்த்தேன். ஆதாரம் கிடைத்துவிட்டது! "அம்மா, அங்க அந்த மாசத்தில அடிக்கடி பின்னேரத்தில இடியோட மழை பெய்யுமாம். போட்டிருக்கு. வேற இடம் பாப்பமே?" ஏரி இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை என்று நினைத்தேன்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "இதுதான் நல்ல இடம்."

ஆடி கடைசியில் சூட்கேஸ் அடுக்கினோம். அம்மா லண்டனில் பஸ் தரிப்பிடத்துக்குப் போவதென்றாலும் குடை இல்லாமல் போகாத மனுஷி. ஆகவே மூன்று குடையையும் மூன்று மழைக்கோட்டையும் நானே பொறுப்பாக மடித்து உள்ளே வைத்தேன். அம்மா வந்து பார்த்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டார்.

"பாரம்" என்றார்.

மூன்று குடையும் மூன்று மழைக்கோட்டும் சேர்ந்து இரண்டு கிலோ கூட வராது. அதை நிறுத்துக் காட்டுகிறேன் என்று தராசைத் தேடி நான் அடுப்படிக்குள் ஓடினேன்.