இலைக்கட்டுக்கு இடமில்லாத வண்டி

திருவிடைமருதூரில் வாங்கிய வாழையிலைக் கட்டை என் புது பைக்கில் எப்படிக் கட்டினாலும் நிற்கவில்லை. பின்சீட் சறுக்குமரம் மாதிரி இருக்கிறது. இலை கிழிந்தால் மத்தியானம் தங்கச்சி வளைகாப்புப் பந்தியில் மானம் போய்விடும்.

"வண்டியாடா இது? ஒரு கட்டு வைக்க எடமில்ல" என்றார் அப்பா. எரிச்சலோடு மறுபடி கயிற்றை இறுக்கினேன். ஓர் இலை நசுங்கிப் பச்சை வாசனை கிளம்பியது.

சின்ன வயதில் அந்த வாசனை என் மடியிலேயே வரும். அப்பாவின் மொபெட்டில் பின்னால் அரிசி மூட்டை, முன்னால் நான், என்மேல் இலைக்கட்டு. "கால ஆட்டாதடா, இல கிழிஞ்சிரும்" என்று ஊர்வரைக்கும் திட்டுவார். கால் மரத்தே போய்விடும்.

கயிற்றை அவிழ்த்தேன். அப்பாவைப் பின்னால் ஏற்றி, அவர் மடியில் கட்டை வைத்தேன்.

"கால ஆட்டாதீங்கப்பா. இல கிழிஞ்சிரும்."