சுருங்கிப்போன பெட்டி

எங்கள் சாஃப்ட்வேர் அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'மூலை அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். யார் புதிதாக ஒரு திரையைச் செய்து காட்டினாலும், என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே மவுஸை விண்டோவின் மூலையில் வைத்து உள்ளே தள்ளுவார், வெளியே இழுப்பார். பாதித் திரைகள் அங்கேயே பல்லிளித்துவிடும்.

முப்பத்தெட்டு வயதில் புரோகிராம் எழுத வந்தவர். அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு கவுன்ட்டரில் உட்கார்ந்து விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முகவரியின் கடைசி வரி திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளுமாம். "இதச் செஞ்சவங்க ஒரு நாளாவது இங்க உக்காந்திருப்பாங்களா" என்ற எரிச்சலில்தான் மாலை வகுப்பில் சேர்ந்தார்.

ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகள் பதிவேடு செய்து கொடுத்திருந்தோம். ஒரு நாள் அங்கிருந்து வார்டு நர்ஸ் போன் செய்தார். 'ஒவ்வாத மருந்து' என்ற பெட்டியையே காணோம் என்றார். எங்கள் மேனேஜர் தன் கணினியில் திறந்து பார்த்தார், பெட்டி இருந்தது.

"விண்டோவ முழுசா விரிச்சு வச்சுக்கச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றார்.

மூலை அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கே போய் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே கணினித் திரையே சின்னது. அதில் பாதியை நாடித்துடிப்பு வரைபடம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை மூடவே கூடாதாம். மிச்சமிருந்த பாதியில் எங்கள் பதிவேடு.

இடம் குறைந்ததும் பெயர், வயது, படுக்கை எண் எதுவும் தன் அகலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மருந்துப் பெட்டிக்கு மட்டும் இவ்வளவுக்குக் கீழே குறையக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அது சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

"நேத்து ஒரு ஐயாவுக்குப் போட ஊசிய கையில எடுத்துட்டேன்" என்றார் நர்ஸ். "போன தடவ இதே மருந்துல அவருக்கு உடம்பெல்லாம் தடிச்சது ஞாபகம் வந்துச்சு. இல்லன்னா போட்டிருப்பேன்."

மூலை அக்கா நர்ஸ் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "இந்தத் திரைய எழுதினது நான்தாம்மா. எங்க ஆபீஸ் பெரிய திரையில கொஞ்சம் சுருக்கிப் பாத்ததோட விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பி வந்ததும் மேனேஜர், "ஒரு பெட்டிதானே, அத மட்டும் சரி பண்ணி அனுப்பிடுங்க" என்றார்.

"அது மட்டுந்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்படிக் கேட்டுவிட்டு அக்கா ஸ்டோர் ரூமிலிருந்து தூசி படிந்த ஒரு சின்ன மானிட்டரைத் தூக்கி வந்து, அந்தப் பதிவேட்டின் நாற்பத்தொரு திரைகளையும் அதில் ஒவ்வொன்றாகத் திறந்தார். எந்தப் பெட்டி விரியலாம், எது அப்படியே நிற்க வேண்டும், எது எந்த அளவுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்தார். அப்படியும் இடம் போதாவிட்டால், எதையும் விழுங்காமல், தள்ளிப் பார்க்க ஒரு ஸ்க்ரோல் பார் வர வேண்டும். வேறு ஆறு திரைகளிலும் பெட்டிகள் காணாமல் போவது அப்போதுதான் வெளிவந்தது. அதில் இரண்டு நான் எழுதியவை.

நான்காம் நாள் திருத்திய பதிவேடு போனது. கூடவே, என்ன தவறு, யாருடையது என்று அவர் எழுதிய கடிதமும் போனது. 'யாருடையது' என்ற வரியை எடுத்துவிடலாம் என்று மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அக்கா அசையவில்லை.

ஒப்பந்தமே போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தோம். மருத்துவமனையிலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: குழந்தைகள் வார்டிலும் வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று அவரைக் கேட்டிருந்தார்கள்.